கேரவன் வண்டியில் கண்டிகோட்டை: பள்ளத்தாக்கு ஓரத்தில் இரவு தங்க முடியுமா?

நகரியிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: பழைய டெம்போ டிராவலர் ஒன்றை வாங்கி கேரவனாக மாற்றியிருக்கிறார்கள். பெரியவர்கள் நான்கு பேர், அதில் அம்மாவுக்கு 70 வயது. கூடவே இரண்டு குழந்தைகள். ஜனவரியில் ஆந்திராவின் கடப்பை மாவட்டத்தில் பெண்ணாற்றுப் பள்ளத்தாக்கின் மேல் இருக்கிற கண்டிகோட்டைக்குப் போய் இரண்டு இரவு தங்க ஆசை. பள்ளத்தாக்கு ஓரமாக வண்டியை நிறுத்தலாமா, ராத்திரி முழுக்க ஏசி ஓடுமா என்பது கேள்வி. இரண்டாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பது ஒரே ஆசைதான்: விடிகாலையில் படுக்கையை விட்டு எழுந்து கதவைத் திறந்தால் எதிரே பெண்ணாறு தெரிய வேண்டும். அது நடக்காது, முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாறை விளிம்புக்கு வண்டிப் பாதை கிடையாது. கோட்டைக்குள் மாதவராயர் கோயில், ஜாமியா மசூதி, தானியக் கிடங்கு, ரங்கநாதர் கோயில் எல்லாம் தாண்டி, கடைசியில் பாறைமேல் கால்வைத்து நடந்துதான் விளிம்பை அடைய வேண்டும். இணையத்தில் பார்க்கும் 'விளிம்பில் நிற்கும் வண்டி' படங்களை மறந்துவிட்டுத் திட்டம் போட்டால் பயணம் நன்றாகவே அமையும்.

கோட்டை வாசலைப் பற்றியும் சொல்ல வேண்டும். பகைவரின் யானை ஓடிவந்து கதவை முட்டக்கூடாது என்று வளைத்துக் கட்டிய வாசல் அது. நேராக உள்ளே போக முடியாது. நுழைந்ததும் திரும்ப வேண்டும். சின்ன கார் வளைந்து போகும். உயரக் கூரையும் நீள வாலும் உள்ள கேரவனின் பின் மூலை அந்தத் திருப்பத்தில் கல்லை உரசும். உரசினால் உங்கள் பெயிண்ட் மட்டும் போவதில்லை, தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிற சுவர் அது. வண்டியை வெளியே நிறுத்திவிட்டு நடங்கள். தங்குவதற்கு ஆந்திர சுற்றுலாக் கழகத்தின் ஹரிதா விடுதி கோட்டைக்கு வெளியே இருக்கிறது. அங்கே ஒரே ஒரு அறை எடுங்கள். வண்டியை அவர்கள் வளாகத்தில் நிறுத்தக் கேளுங்கள். அம்மா படுக்க, எல்லோரும் குளிக்க, கழிப்பறைக்கு அந்த அறை, மற்றவர்களுக்கு வண்டி. கேரவனுக்கு இடம் தருவார்களா, கரண்டுக்குத் தனிக் காசா என்பது அந்தந்த நேரத்து மேலாளர் கையில் இருக்கிற விஷயம். கிளம்புவதற்கு முன் போனில் கேட்டு முடிவு செய்துகொள்ளுங்கள். சங்கராந்தி விடுமுறை நாட்களில் மட்டும் போகாதீர்கள். கூட்டத்தில் கேரவனைத் திருப்பக்கூட இடம் இருக்காது.

இனி ஏசி. கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். சாதாரணமாகப் போடுகிற 150 ஆம்பியர்-மணி டியூபுலர் பேட்டரி ஒன்றில் இருப்பது 12 வோல்ட் பெருக்கல் 150, அதாவது 1800 வாட்-மணி. இந்த வகை பேட்டரியைப் பாதிக்குக் கீழே இறக்கினால் ஆயுள் குறையும், அதனால் கைக்கு வருவது 900 வாட்-மணிதான். ஒரு டன் இன்வெர்ட்டர் ஏசி சராசரியாக 700 வாட் இழுத்தாலும் ஒன்றேகால் மணி நேரத்தில் கதை முடிந்தது. எட்டு மணி நேரம் ஓட 5600 வாட்-மணி வேண்டும்; 100 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி ஐந்து வைத்தால்தான் அது வரும். ஆனால் ஜனவரியில் கடப்பை மாவட்டத்து இரவு 20 டிகிரி செல்சியஸுக்கு அருகே இறங்கிவிடும். உங்களுக்கு ஏசியே வேண்டாம். 25 வாட் 12 வோல்ட் ஃபேன் இரண்டு ஒன்பது மணி நேரம் ஓடினால் 450, எல்இடி விளக்குக்கு 60, போன் சார்ஜுக்கு 60, தண்ணீர் மோட்டாருக்கு 20. மொத்தம் 600க்குள் அடங்கிவிடும். இதில் சின்ன 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃப்ரிட்ஜையும் சேர்த்தால்தான் நெருக்கடி, அது ஒரு நாளைக்கு 500க்கு மேல் தின்னும். பாலும் தயிரும் ஜம்மலமடுகில் கிடைக்கின்றன. ஃப்ரிட்ஜைப் பகலில் மட்டும் போடுங்கள். இன்ஜின் ஓடும்போது மின்சாரம் தருகிற ஆல்டர்னேட்டரிலிருந்து 30 ஆம்பியர் சார்ஜர் வழியாக பேட்டரிக்கு லைன் கொடுத்திருந்தால் போகிற வழியிலேயே ஐந்தாறு மணி நேரத்தில் பேட்டரி நிறைந்துவிடும். கூரையில் 300 வாட் சோலார் இருந்தால் நல்ல வெயில் நாளில் ஆயிரம் வாட்-மணிக்குக் குறையாது. ஆனால் சோலாருக்கு வெயிலில் நிறுத்த வேண்டும், உள்ளே இருப்பவர்களுக்கு நிழலில் நிறுத்த வேண்டும். இரண்டும் ஒரே மரத்தடியில் கிடைக்காது.

விடுதியில் கரண்ட் கொடுத்தால் சந்தோஷத்தில் அப்படியே சொருகிவிடாதீர்கள். முதலில் டெஸ்ட் லாம்ப் எடுத்து பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்துப் பாருங்கள். பேஸ்-நியூட்ரலில் எரிகிற அளவு பிரகாசமாக எரிய வேண்டும். மங்கலாக எரிந்தாலோ எரியாவிட்டாலோ எர்த் சரியில்லை. அப்போது எங்காவது கரண்ட் கசிந்தால் வண்டியின் இரும்பு உடம்பு முழுக்கப் பரவி, ஈரக் காலோடு படியில் ஏறுகிற குழந்தையை அடிக்கும். வண்டிக்குள் வருகிற இடத்தில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கிற சுவிட்ச்) கட்டாயம் இருக்க வேண்டும்; எம்சிபி மட்டும் இருந்தால் அது வயரைக் காப்பாற்றும், ஆளைக் காப்பாற்றாது. எக்ஸ்டென்ஷன் வயர் 2.5 சதுர மில்லிமீட்டர், தூரம் 20 மீட்டரைத் தாண்டினால் 4. இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை: வயர் சுற்றிய டிரம்மிலிருந்து ஐந்து மீட்டர் மட்டும் இழுத்து, மீதியைச் சுருளாகவே விட்டால், சுருளுக்குள் சூடு வெளியேற வழியில்லாமல் இன்சுலேஷன் இளகும். பெரிய லோடு இழுத்தால் டிரம்மே உருகி ஒட்டிக்கொள்ளும். வயர் முழுவதையும் அவிழ்த்துத் தரையில் பரப்புங்கள். ஊர்ப்புற லைனில் மாலை நேரம் வோல்டேஜ் 180 வரை இறங்கினால் பெரிய கருவி எதையும் போடாமல் சார்ஜரை மட்டும் ஓட விடுங்கள்.

நீங்கள் கேட்காத, ஆனால் எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி எடை. மாற்றிக் கட்டிய வண்டிகள் வழியில் பழுதாகி நிற்பதற்கு நான் முதலில் சொல்கிற காரணம் இதுதான். 18 மில்லிமீட்டர் கனமுள்ள 8-க்கு-4 ப்ளைவுட் ஒன்று 30 கிலோவுக்கு மேல். கட்டிலுக்கும் அலமாரிக்கும் பத்து ஷீட் போயிருந்தால் 300 கிலோ அதிலேயே முடிந்தது. டியூபுலர் பேட்டரி ஒன்று 50 கிலோவைத் தாண்டும். 200 லிட்டர் தண்ணீர் 200 கிலோ. ஆறு பேர், துணிமணி, பாத்திரம். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு, தண்ணீர் நிரப்பி, டீசல் நிரப்பி, ஆட்களோடும் சாமான்களோடும் லாரி எடை மேடைக்குப் போங்கள். ஆர்சியில் எழுதியிருக்கிற மொத்த எடையோடு ஒப்பிடுங்கள். அத்தோடு விடாமல் முன் சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒரு முறை, பின் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறை, முடிந்தால் இடது பக்கச் சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒரு முறை எடை எடுங்கள். சமையல் மேடை, தண்ணீர் டேங்க், பேட்டரி மூன்றையும் ஒரே பக்கம் வைத்துக் கட்டுவது சகஜமாக நடக்கிற தப்பு. அந்தப் பக்கத்து ஸ்பிரிங் பட்டை தொய்ந்து, டயர் உள்வாட்டமாகத் தேய்ந்து, வளைவில் வண்டி சாயும். தொய்ந்த பக்கம் மட்டும் ஒரு பட்டை கூட்டிப் போடுகிற மெக்கானிக் இருப்பார். அது மருந்தல்ல, பேட்டரியை எதிர்ப்பக்கம் மாற்றுவதுதான் மருந்து. தண்ணீர் டேங்க் இரண்டு அச்சுகளுக்கும் நடுவில், தரையோடு தாழ்வாக, உள்ளே தடுப்புத் தகடுகளோடு இருக்க வேண்டும். பாதி நிறைந்த, தடுப்பில்லாத டேங்க் பிரேக் போடும்போது பின்னாலிருந்து ஒருவர் தள்ளுவது போல வண்டியை முன்னால் தள்ளும்.

டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23வது வாரத்தில் செய்தது. பட்டன் நிறைய இருந்தாலும் ஆறு வருடத்தைத் தாண்டிய டயரை இந்த எடைக்கு நம்பக்கூடாது. நின்றே கிடக்கிற கேரவன்களில் டயர் தேய்ந்து வெடிப்பதில்லை, வெயிலில் காய்ந்துதான் வெடிக்கிறது. காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். மதியம் சூட்டில் நாலைந்து பவுண்டு ஏறிக் காட்டும், அதைப் பார்த்துப் பயந்து காற்றை இறக்கினால் அதுவே ஆபத்து. ஓடும்போது குழந்தைகளைக் கட்டிலில் படுக்க வைக்காதீர்கள். பெல்ட் உள்ள இருக்கை எத்தனையோ அத்தனை பேர்தான்.

காகிதங்களைப் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது: 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவுப்படி, வண்டியின் அமைப்பை மாற்றினால் ஆர்டிஓவிடம் ஒப்புதல் வாங்கி ஆர்சியில் ஏற்ற வேண்டும். மோட்டார் கேரவன்களுக்கென்று ஏஐஎஸ்-124 என்ற தனித் தரநிர்ணயமும் உண்டு. உங்கள் வண்டி அதற்குள் வருமா என்பதை வண்டியைப் பார்க்கிற ஆய்வாளர்தான் சொல்ல முடியும். ஆர்சியில் இன்னும் பயணிகள் வேன் என்றே இருந்தால், விபத்து நடந்த அன்று இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மறுக்க ஒரு காரணம் கையில் கொடுத்தது போல ஆகும். மஞ்சள் போர்டு என்றால் பெர்மிட்டும் வரியும் தனி.

வழி சுலபம். நகரி, புத்தூர், ரேணிகுண்டா, ரயில்வே கோடூர், ராஜம்பேட்டை, ஒண்டிமிட்டா, கடப்பை. அங்கிருந்து ஜம்மலமடுகு, பிறகு கடைசி 15 கிலோமீட்டர் ஏறினால் கண்டிகோட்டை. சுமார் 260 கிலோமீட்டர். காருக்கு ஐந்து மணி நேரம் என்றால் உங்களுக்கு நிறுத்தங்களோடு எட்டு. காலை ஐந்து மணிக்குக் கிளம்பி, ஒண்டிமிட்டாவில் கோதண்டராமரைப் பார்த்துவிட்டு, கட்டிக்கொண்டு போன புளியோதரையைச் சாப்பிட்டு, ஒரு மணிக்குள் ஜம்மலமடுகு சேருங்கள். டீசல், குடிதண்ணீர் கேன், காய்கறி எல்லாம் அங்கேயே முடித்துக்கொண்டு மூன்று மணிக்குள் மேலே போய்விட வேண்டும். இருட்டில் அந்தக் கடைசிப் பகுதியில் எதிரே வண்டி வந்தால் கேரவனைப் பின்னால் எடுப்பது பெரும்பாடு. ரேணிகுண்டாவுக்கும் கோடூருக்கும் நடுவே சேஷாசலக் காட்டை ஒட்டிப் போகிறீர்கள், செம்மரக் கடத்தலுக்காக வனத்துறை சோதனை உண்டு. திரை போட்ட மூடிய வண்டி என்றால் நிறுத்தத்தான் செய்வார்கள். கட்டிலுக்கு அடியில் உள்ள பெட்டிகளைப் பூட்டாமல் வைத்திருந்தால் ஐந்து நிமிடத்தில் விட்டுவிடுவார்கள். எர்ரகுண்ட்லா பக்கம் சிமென்ட் லாரிகள் அதிகம். முந்த நினைக்காமல் பின்னாலேயே போங்கள். கூரை ஏசியோடு வண்டியின் உயரத்தை டேப் வைத்து அளந்து, ஓட்டுநர் கண்ணில் படும்படி எழுதி ஒட்டுங்கள். ரயில்வே கீழ்ப்பாலத்தின் முன்னால் நின்றுகொண்டு 'போகுமா போகாதா' என்று பட்டிமன்றம் நடத்த வேண்டியிருக்காது. நவம்பர், டிசம்பரில் வங்கக் கடலில் புயல் சின்னம் இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2021 நவம்பர் 19 அன்று செய்யேறு ஆற்றின் அன்னமய்யா அணை உடைந்தபோது இதே ராஜம்பேட்டை, நந்தலூர்ப் பகுதிதான் வெள்ளத்தில் சிக்கியது.

சமையலுக்கு 5 கிலோ சிலிண்டர் ஒன்று இரண்டு நாளைக்கு ஏராளம். 14 கிலோ சிலிண்டரைத் தூக்கிப் போகத் தேவையில்லை. எல்பிஜி காற்றைவிட ஒன்றரை முதல் இரண்டு மடங்கு கனம், கசிந்தால் தரையில்தான் படியும். அதனால் சிலிண்டர் நிற்கிற பெட்டியின் அடித்தளத்தில் வெளியே திறக்கிற துளை இருக்க வேண்டும், கேஸ் அலாரம் முழங்காலுக்குக் கீழே இருக்க வேண்டும். கூரையோரம் அலாரம் மாட்டியிருந்தால் அது அடிக்கும்போது நீங்கள் கேட்கிற நிலையில் இருக்க மாட்டீர்கள். சிலிண்டர் நிமிர்ந்தே, பட்டை போட்டுக் கட்டியே பயணிக்க வேண்டும். ஓடும்போது ரெகுலேட்டர் மூடியிருக்க வேண்டும். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துவிட்டு ஜன்னலை மூடுவது, ஜெனரேட்டரை வண்டியோரம் ஓடவிட்டுத் தூங்குவது, இரண்டும் உயிரைக் குடிக்கும். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

தண்ணீருக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 15 லிட்டர், குளியல் விடுதி அறையில் என்ற கணக்கில். ஆறு பேருக்கு 90 லிட்டர். தினமும் விடுதியில் நிரப்பிக்கொள்ளலாம் என்றால் 100 லிட்டர் டேங்கே போதும், நூறு கிலோ மிச்சம். பாத்திரம் கழுவின தண்ணீரைப் பாறை மேல் திறந்துவிடாதீர்கள். கேசட் கழிப்பறை (கழிவு சேர்கிற பெட்டியைக் கழற்றிக் கொட்டுகிற வகை) வைத்திருந்தால் 20 லிட்டர் பெட்டி ஆறு பேருக்கு ஒரு நாள்தான் தாங்கும். அதை செப்டிக் டேங்க் உள்ள கழிப்பறையில் விடுதிக்காரரைக் கேட்டுவிட்டுக் கொட்ட வேண்டும். ஃபினாயிலைக் குடம் குடமாக ஊற்றினால் அவர்கள் செப்டிக் டேங்கில் மலத்தை மக்கவைக்கிற கிருமிகள் செத்து, அடுத்த வாரம் அவர்களுக்கு நாறும்.

அந்தப் பாறையைப் பற்றியும் கொஞ்சம், ஏனென்றால் பாதுகாப்பும் அதோடு சேர்ந்தது. 'சிவப்பு கிரானைட் பள்ளத்தாக்கு' என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது கிரானைட் இல்லை. மணல் படிந்து இறுகி, மணல் துகளோடு துகள் ஒட்டிக் கெட்டிப்பட்ட குவார்ட்சைட். புவியியலார் அந்த அடுக்குக்கே கண்டிகோட்டை குவார்ட்சைட் என்றுதான் பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் ஊர் நகரி மலையும், திருமலையில் இயற்கைப் பாறை வளைவாக நிற்கிற சிலாதோரணமும் இந்த இனத்துக் கல்தான். நம் வீட்டுச் சமையல் மேடையில் கிடக்கிற கடப்பைக் கல் அதே மாவட்டத்துச் சரக்குதான் என்றாலும் வேறு சாதி, அது சுண்ணாம்புக்கல். குவார்ட்சைட்டில் அடுக்குகள் படுக்கையாகவும் வெடிப்புகள் செங்குத்தாகவும் ஓடுவதால், அடியை ஆறு அரிக்க அரிக்க மேலிருந்து பெட்டி பெட்டியாகக் கல் கழன்று விழுகிறது. சுவர் போன்ற விளிம்பு அப்படி வந்ததுதான். ஆழம் 300 அடி என்பது பொதுவாகச் சொல்வது. கீழே மைலவரம் அணையில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதைப் பொறுத்துக் கண்ணுக்குத் தெரிகிற ஆழம் மாறும். ஆறு எப்படி இந்த எர்ரமலையை ஊடறுத்தது என்று கேட்டால், மலை எழும்புவதற்கு முன்பே ஓடிய ஆறு என்றும், பிறகு அரித்துக்கொண்டு வந்தது என்றும் இரண்டு விதமாகச் சொல்லலாம். வழிகாட்டி ஒருவர் ஒரே கதையை அடித்துச் சொன்னால் தலையாட்டிவிட்டு வாருங்கள். 1652இல் தாவர்னியே என்ற பிரெஞ்சு வைர வியாபாரி இங்கே வந்து கோல்கொண்டா சுல்தானின் தளபதி மீர் ஜும்லாவைப் பார்த்தார் என்பது மட்டும் அவரே எழுதிவைத்தது.

செங்குத்து வெடிப்பால் கழன்ற கல் என்பதால், விளிம்பில் உட்கார வசதியாக நீட்டிக்கொண்டிருக்கிற பலகைக்கல் பின்னால் எங்கோ வெடிப்பு விட்டிருக்கும். உட்காருவதற்கு முன் பின்னால் திரும்பி, உங்களுக்கும் மலைக்கும் நடுவே கோடு போல ஓடுகிற இடுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அந்தப் பக்கம் வேண்டாம். அங்கே கம்பி வேலியை எதிர்பார்க்காதீர்கள். குழந்தைகளை விளிம்பிலிருந்து உங்கள் உயரத்தைப் போல மூன்று மடங்கு தள்ளி, கை பிடித்தே வையுங்கள். பனி இறங்கிய காலையில் கருப்பாகப் பூத்திருக்கிற பாசி வழுக்கும், ரப்பர் செருப்பு ஆகாது. பாறை மேல் விறகு போட்டுக் குளிர்காய்வதும் கூடாது. கல்லின் மேற்பரப்பு மட்டும் சூடேறி விரிந்து சில்லுச் சில்லாகத் தெறிக்கும், கண்ணில் பட்டால் போச்சு. கரி பிடித்த கறையும் போகாது.

பேலம் குகை ஏறத்தாழ 60 கிலோமீட்டர், இரண்டாம் நாள் மதியம் போய்வரலாம். 3,229 மீட்டர் நீளக் குகையில் ஒன்றரைக் கிலோமீட்டர் வரை விடுகிறார்கள். படிகளும் உள்ளே புழுக்கமும் உண்டு, அம்மாவுக்கு வேண்டாம்.

அம்மாவைப் பள்ளத்தாக்கு பார்க்க எப்படி அழைத்துப் போவது என்பதுதான் மிச்சம். விடிகாலையில் முயலாதீர்கள், இருட்டில் அந்தப் பாறைக் குவியலில் 70 வயது முழங்கால் தாங்காது. போய்ச் சேர்ந்த அன்றே, மாலை நான்கு மணிக்கு, வெளிச்சம் இருக்கும்போது கிளம்புங்கள். ரங்கநாதர் கோயில் வரை நடை சிரமமில்லை. அதற்கு அப்பால் பெரும் பாறைகள் தொடங்குகிற இடத்தில் ஒருவர் முன்னால் நின்று கை கொடுக்க, ஒருவர் பின்னால் தாங்க, எவ்வளவு தூரம் வருகிறதோ அவ்வளவு. மடக்கு நாற்காலி ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள். திரும்பும்போது இருட்டியிருக்கும், ஆளுக்கு ஒரு டார்ச். போன் வெளிச்சம் போதாது, கை கொடுக்கிறவருக்கு இரண்டு கையும் வேண்டும் என்பதால் நெற்றியில் கட்டுகிற டார்ச்சாக வாங்குங்கள்.